காவலும் விசாரணையும்

குடிகளைக் காத்தல் அரசின் முதற்கடனாம். குடிகள் தம் உழைப்பில் ஒரு கூற்றை வரியாக இறுப்பதும், தம்முட் பகை மூண்டவிடத்துத் தாமே ஆயுதம் எடாது நியாயஸ்தலத்தை நாடுவதும், தம்மைக் காப்பார் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கையினாலன்றோ? அந்நம்பிக்கை தவறுமாயின் அரசென்பது வெறும் பெயராய் ஒழியும். குண்டுக்கும் தீக்கும் அஞ்சி நடுங்கும் நாட்டிலே பேச்சுச் சுயாதீனமும் எழுத்துச் சுயாதீனமும் ஏட்டளவில் இருந்து பயன் யாது? இதனை மறுப்பார் ஒருவருமிலர்.

ஆயினும், காவலின் பெயராற் செய்யப்படுவன எல்லாம் காவலாகுமா என்பது வேறு வினா. இதனை ஆராயப் புகுவோரிற் பலர் ஒரு தராசை எடுத்துக் காட்டுவர். தேசத்தின் பாதுகாப்பு ஒரு தட்டிலும் பிரசைகளின் சுயாதீனம் மற்றைத் தட்டிலும் இருக்கின்றனவாம். ஒன்று தாழ மற்றையது உயருமாம். ஆபத்துக் காலத்திலே சுயாதீனத்திற் சிறிதெடுத்துப் பாதுகாப்பில் இடுதல் விவேகமாம். இவ்வுவமை கேட்பார்க்கு எளிதாய் இனிதாய்த் தோன்றும். அது மெய்யாகுமா என்பதை நம் நாட்டில் நிகழ்ந்தவற்றை வைத்தே ஈண்டு நோக்குவோம்.

முதலில் நம் மொழி கூறுவதைக் கேட்போம். ஊரைக் கள்வரினின்றும் காத்தலைக் காவல் என்கின்றோம். ஒருவனைப் பிடித்து அடைத்து வைத்தலையும் காவலில் வைத்தல் என்கின்றோம். இரண்டுக்கும் ஒரு சொல்லே அமைந்தமை வீணன்று. அடைக்கப்பட்டவனும் அடைத்தவனுடைய காவலுக்கு உரியவன் என்பதே அச்சொல்லின் உட்கிடை. ஊராரைக் காக்கும் கடனும் கைதியைக் காக்கும் கடனும் ஒரு கடனின் இரு பக்கங்களாம்.

இனி, காவற்காரனுக்கு வேண்டுவன யாவை? கோல் வேண்டும், கோலினும் முன்னதாகக் கண் வேண்டும். இருளிலே வருபவன் கள்வனோ, அயலூரிலிருந்து வரும் உறவினனோ என்று தெரியாதவன் கையிற் கோல் இருத்தலிலும் இல்லாதிருத்தலே நன்று. அரசுக்கு அக்கண்ணாவது விசாரணை. கைதானவனைக் காலந்தாழ்த்தாது நீதிபதியின் முன் நிறுத்துதல், அவன்மேற் சாட்டப்படும் குற்றம் இன்னதென அவனுக்கு அறிவித்தல், அவன் மறுமொழியைக் கேட்டல், சாட்சியைச் சோதித்தல் என்னும் இவையெல்லாம் பிரசைகளின் உரிமைகள் எனப்படும். அவை உரிமைகளாதல் மெய்யே. அதனோடு, குற்றவாளியையும் குற்றமற்றவனையும் பிரித்தறிதற்கு அரசுக்குள்ள கருவிகளும் அவையே. ஆகவே, அவற்றைக் குறைத்தல் ஒரு தட்டில் எடுத்து மற்றைத் தட்டில் இடுதலன்று. காவற்காரன் கண்ணைக் கட்டிவிட்டுக் கோலைப் பெரிதாக்கி அவன் கையிற் கொடுத்தலாம்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கொடியனல்லன். அரண்மனைப் பொருளைக் காக்கவே முயன்றான். பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மெய்யென்று கொண்டான். சிலம்பின் உள்ளீடு யாது என்னும் ஒரு வினா அன்று கேட்கப்பட்டிருப்பின் உண்மை வெளிப்பட்டிருக்கும். கணவனை இழந்தவள் வந்து சபையிலே நின்ற பின்னரே அவ்வினா எழுந்தது. நாம் பெரும்பாலும் கவனியாத ஒன்று ஈண்டு உண்டு. விசாரணையில்லாத அத்தண்டனையால் ஒரு குற்றமற்றவன் இறந்ததோடமையாது, மெய்யான கள்வன் அரண்மனையின் நம்பிக்கைக்குரியவனாகவே இருந்துவிட்டான். நீதி தவறிய அவ்விடத்திலேயே காவலுந் தவறிற்று.

திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவற்றின்பின் ஒற்றாடலையும் வைத்தார். அரசுக்கு மறைவான செய்தி வேண்டும் என்பதை அவர் மறுத்தாரல்லர். ஆனால், ஓரொற்றன் கொணர்ந்ததை மற்றோரொற்றனாலும் ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்பதும், மூவர் சொல் ஒத்தவழியே தெளியவேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்துக்களாம். அரசின் சொந்த ஒற்றன் சொல்லுக்கே இத்துணைச் சோதனை வேண்டுமாயின், அறைக்குள் அடைபட்டு அஞ்சி நிற்பவன் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு எத்துணைச் சோதனை வேண்டும்!

இனி நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1915 ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியிலே தொடங்கிய கலகம் பிற இடங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் அழிந்தன. கலகத்தை அடக்குதல் அரசாங்கத்தின் கடனே. ஆனால், தேசாதிபதி சேர் றொபேட் சால்மேர்ஸ் யூன் 2 ஆந் திகதி பிரகடனஞ் செய்த இராணுவச் சட்டம் கலகக்காரரையும் கலகத்தோடு தொடர்பில்லாத சிங்களப் பெரியோரையும் வேறு பிரித்தறிந்திலது. மதுவிலக்குக்கு உழைத்த டீ. பீ. ஜயதிலக, எப். ஆர். சேனநாயக்க, டீ. எஸ். சேனநாயக்க முதலியோர் மறியலில் வைக்கப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையிற் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றின் தீர்ப்பினால் யூலை 7 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்பொழுது சட்டநிருபண சபையிலே எழுந்து அச்செய்கைகளைக் கண்டித்தவர் நம்மவராகிய சேர் பொன்னம்பலம் இராமநாதன். முதலாம் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த அக்காலத்திலே கடல்கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். இராணுவச் சட்ட நிகழ்ச்சிகளைத் தொகுத்து 1916 இலே இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். மீண்டு வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவர் இரதத்தைத் தாமே இழுத்துச் சென்றமை யாவரும் அறிந்தது. அக்கலகத்திலே பொருளும் உயிரும் இழந்த முஸ்லிம்களின் துயரை அவர் உரிய அளவில் எண்ணினாரல்லர் என்னுங் குறையும் உண்டு. அதனை நாம் மறைத்தல் நேர்மையாகாது. இழந்தவர்க்குக் காவலும், குற்றஞ் சாட்டப்பட்டவர்க்கு விசாரணையும் ஒருங்கே வேண்டப்படுவன என்பதையே அக்குறையும் அப்பெருமையுஞ் சேர்ந்து நமக்குக் கற்பிக்கின்றன.

1937 ஆம் ஆண்டிலே பிறேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரைத் தோட்டத் தொழிலாளரிடையே பேசியமைக்காக நாடுகடத்தும்படி தேசாதிபதி கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவை விசாரித்து, அவ்வதிகாரம் அவசர நிலை உள்ள காலத்துக்கே உரியதென்றும், அத்தகைய நிலை யாதும் இல்லையென்றும் கண்டு அவரை விடுவித்தது. அதனால் இலங்கைக்கு ஆபத்து ஒன்றும் நேர்ந்திலது. பிரித்தானியரின் முடிக்குரிய நாட்டிலே, தேசாதிபதி கட்டளையையும் ஏன் என்று கேட்கும் மன்றம் ஒன்று இருந்தது.

சுயராச்சியம் வரும் தறுவாயிலே நிலைமை மாறிற்று. 1947 மே, யூன் மாதங்களில் நிகழ்ந்த பெரு வேலைநிறுத்தத்திலே அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அந்த யூன் மாதத்திலேயே பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து பிற சட்டங்களை மேவும் விதிகளை ஆக்கும் அதிகாரம் அதனாற் கிடைத்தது. தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னிட்டுப் பிறந்த அக்கருவி சுதந்திர இலங்கைக்கு முதுசொமாயிற்று.

அக்கருவியின் கண் எத்தகையது என்பதை யாழ்ப்பாணம் 1961 இலே கண்டது. தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து அவ்வாண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. தந்தை செல்வநாயகத்தோடு முதியோரும் பெண்களும் வெறுங்கையராய் நிலத்தில் அமர்ந்தனர். ஏப்பிரிலில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் பிடிக்கப்பட்டுப் பனாகொடை இராணுவ முகாமில் வைக்கப்பட்டனர். நிலத்தில் அமர்ந்து தன்னை வருத்துபவனையும் ஆயுதமெடுத்துப் பிறரை வருத்துபவனையும் ஒரே விதியினால் அடக்கும் அரசு இளைஞருக்குக் கற்பிக்கும் பாடம் யாது? இரண்டுக்கும் பலன் ஒன்றே என்பதன்றோ? அப்பாடத்தைக் கற்றவர் பின்னாளிற் பலராயினர்.

1971 இற் சிங்கள இளைஞரின் கிளர்ச்சியின் பின் அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம், பொலிசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்றது. அதனை அநீதியென்று கண்டித்தோர் 1977 இலே ஆட்சிக்கு வந்து அதனை நீக்கினர். நீக்கிய அவ்வரசாங்கமே இரண்டாண்டுள் அவ்விதியை வேறொரு சட்டத்தில் மீண்டும் புகுத்திற்று. அதுவே 1979 யூலையில் அவசர மசோதாவாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம்.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1975 யூலை 27 ஆந் திகதி யாழ்ப்பாண நகர மேயர் அல்பிறட் துரையப்பா பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பொலிஸ் உத்தியோகத்தர் பலரும் கொல்லப்பட்டனர். இவை கொலைகளே, இவற்றைத் தடுத்தல் அரசின் கடனே. ஆனால், அச்சட்டம் செய்தது யாது? அமைச்சர் ஒருவர் ஐயுற்றால் ஒருவரைக் குற்றப்பத்திரமின்றி மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம். அக்கட்டளையை எந்த நீதிமன்றிலும் வினாவுதல் கூடாது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற் குறையாதவரிடம் அளித்த ஒப்புதல் சாட்சியாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதாயின் அதனை நிரூபிக்கும் பாரம் கைதியையே சாரும். மூன்றாண்டுக்கென்று இயற்றப்பட்ட இச்சட்டம் 1982 இலே காலவரையின்றி நிலைநிறுத்தப்பட்டது. 1979 யூலையிலேயே யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டு, டிசெம்பர் 31 ஆந் திகதிக்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கும்படி படைத்தளபதி ஒருவர் அனுப்பப்பட்டார். இரவிலே கொண்டுசெல்லப்பட்ட இளைஞர் சிலர் உயிரோடு திரும்பிலர்.

பலன் யாது? 1979 இலே ஆயுதமேந்தியோர் மிகச் சிலர். 1983 இன் பின் அவர் ஆயிரக்கணக்கினர். இதற்கு அச்சட்டம் ஒன்றே காரணம் என்பது மிகையாகும்; நூலகம் எரிந்தமையும் இனக்கலகமும் பிறவும் காரணங்களாம். ஆயினும், ஒழிப்பதற்கென்று வந்த சட்டம் ஒழித்திலது என்பது மிகையன்று. 1983 யூலை 25, 27 ஆந் திகதிகளில் வெலிக்கடைச் சிறைச்சாலையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். காவலில் வைத்த அரசு காவல் செய்திலது. நாம் தொடக்கத்திற் கூறிய அச்சொல்லின் இரு பொருளும் அன்று பிரிந்துபோயின.

ஒப்புதல் வாக்குமூலத்தின் இயல்பையும் ஒரு வழக்கினால் விளக்குவோம். 1993 இலே கைதான சிங்கராசா என்பார்க்கு 1995 இலே 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. அவர்க்கு எதிரான சாட்சி, சிங்களத்திலே பதியப்பட்டுப் பெருவிரல் அடையாளம் பெற்ற ஒப்புதலே. அவரோ சிங்களம் வாசிக்க அறியார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004 இலே அவ்வழக்கு நீதியான விசாரணைக்கு மாறானதென்று முடிவு கூறிற்று. 2006 இலே நம் உயர் நீதிமன்றம் அம்முடிவினை ஏற்க மறுத்தது. பொற்கொல்லன் ஒருவன் சொல்லைக் கேட்டு முடிவு செய்தல் எத்தகைத்தோ, கைதி அறியாத மொழியில் எழுதிய சொல்லைக் கேட்டு முடிவு செய்தலும் அத்தகைத்தேயாம்.

ஈண்டுச் சிலர், "சட்டம் இத்துணைக் கடுமையாய் இருந்தமையாலன்றோ நாடு இவ்வளவாவது தப்பிற்று?" என்பர். அவர்க்கு 2019 ஏப்பிரில் 21 ஆந் திகதியை நினைவூட்டுவோம். உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் வழிபட்டிருந்தோரும், கொழும்பு விடுதிகளில் இருந்தோருமாக 250 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று அச்சட்டம் நாற்பதாண்டு வயதினதாய் நடைமுறையில் இருந்தது. தாக்குதல் வருமென்னும் செய்தி இந்தியாவிலிருந்து நாட்கள் பல முன்னரே வந்திருந்தது. அதிகாரம் குறைந்தமையால் அவ்வழிவு நேர்ந்ததன்று. வந்த செய்தியைக் கண்ணுற்றுக் கடமை செய்யாமையால் நேர்ந்தது. 2023 சனவரியிலே உயர் நீதிமன்றம் முன்னாட் சனாதிபதியும் பாதுகாப்புத் தலைவர்களும் தம் கடமையிற் றவறினர் என்று தீர்த்து நட்டஈடு கொடுக்கும்படி பணித்தது. கோல் பெரிதாயிருந்தது, கண் மூடியிருந்தது.

அதன்பின் அக்கோல் எவர்மேல் விழுந்தது? அஹ்னாப் ஜஸீம் என்னும் இளம் ஆசிரியர் நவரசம் என்னும் தமிழ்க் கவிதை நூலின் பொருட்டு 2020 மே மாதத்திற் கைதானார்; 2021 இறுதியிலேயே பிணையில் வந்தார்; 2023 டிசெம்பரிலே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சிங்கள மாணவர் தலைவராகிய வசந்த முதலிகே 2022 ஓகஸ்டிலே அச்சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டு, 2023 தொடக்கத்திலே அக்குற்றச்சாட்டினின்றும் நீதவானால் விடுவிக்கப்பட்டார். தமிழிளைஞருக்கென்று வனைந்த விலங்கு முஸ்லிம் ஆசிரியர் கைக்கும் சிங்கள மாணவர் கைக்கும் அளவாயிற்று. 2022 இலே செய்த திருத்தம் தடுப்புக்காவலை 12 மாதமாகக் குறைத்தது. ஒப்புதல் வாக்குமூல விதியையோ நீக்கிலது.

இவ்வளவுங் கூறியபின் நம் குடாநாட்டில் நிகழ்ந்த வேறொன்றைக் கூறாதுவிடின் இக்கட்டுரை ஒருகண் கட்டுரையாம். கொழும்பு அரசாங்கம் பேசிய நியாயத்தையே இங்கு ஆயுதமேந்திய இயக்கமும் பேசிற்று. துரோகி என்னும் ஒரு சொல்லே குற்றப்பத்திரமாகவும் சாட்சியாகவும் தீர்ப்பாகவும் நின்று பலர் உயிரைக் குடித்தது. 1990 ஒக்டோபர் 30 ஆந் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்திலே, தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். தாய்மார் குழந்தைகளோடு தெருவில் நின்றபோது அவருள் எவர் செய்த குற்றம் யாது என்று எவருங் கேட்டிலர். பாதுகாப்பு என்பதே அங்கும் காரணமாகப் பேசப்பட்டது. ஓரினம் முழுவதையும் ஐயுறுதல் பிறர் நமக்குச் செய்யும்போது அநீதியாயும், நம்மவர் பிறருக்குச் செய்யும்போது அவசியமாயும் ஆகுமாயின், நாம் வேண்டுவது நீதியன்று. கோல் கைமாறுதலையே வேண்டுகின்றோம்.

அற்றேல், மெய்யான ஆபத்து வந்துற்றபோது அரசு கைகட்டி நிற்பதோ எனின், அன்று. சாட்சி சொல்வார் அஞ்சுங் காலம் உண்டு. ஆபத்தினன் ஒருவனை உடனே தடுக்கவேண்டிய வேளையும் உண்டு. அதனை நாம் மறுத்திலம். அத்தகைய வேளையிலும் விலக்கலாகாதன சிலவே. பிடிக்கப்பட்டவன் எங்குளன் என்பது பெற்றாருக்கு உடனே அறிவிக்கப்படல் வேண்டும். நம் ஊர்களில் இன்றும் மகனின் படத்தை ஏந்தி நிற்கும் தாய்மாரைக் காண்பார்க்கு இதற்கு வேறு விளக்கம் வேண்டா. அவன் சிலநாளுள் நீதிபதி முன் உடலோடு நிறுத்தப்படல் வேண்டும். காவலர் முன் சொல்லிய சொல் மாத்திரமே அவனைத் தண்டிக்கப் போதிய சாட்சியாதல் கூடாது. சிறப்பதிகாரம் எதற்கும் முடிவுநாள் வேண்டும். அந்நாளில் அது தானே இறத்தல் வேண்டும். அதிகாரஞ் செலுத்தினவர் பின்னர் மறுமொழி சொல்லக் கடவர். இவற்றால் அரசின் கை கட்டுண்ணாது. அதன் கண்ணே திறக்கும்.

இரண்டாம் உலகப்போரிலே இலண்டன் நகர்மேற் குண்டுகள் விழுந்த காலத்தின் பின், 1941 இலே, உள்நாட்டு அமைச்சர் தாம் ஐயுறுதற்குக் காரணம் உண்டென்று சொன்னாற் போதுமா என்னும் வினா பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் முன் வந்தது. போதுமென்றனர் ஏனைய நீதிபதிகள். அக்காரணத்தை நீதிமன்றம் காணல் வேண்டும் என்று தனித்து மறுத்தவர் அற்கின் பிரபு ஒருவரே. ஏறக்குறைய நாற்பதாண்டின்பின் அச்சபையின் நீதிபதிகளே அவர் கொள்கையே சரியென ஒப்பினர். அச்சத்திற் கூறிய தீர்ப்பு அச்சம் நீங்கியபின் நிலைத்திலது.

மகாவம்சம் தன் வீரனுக்குப் பகைவனாகிய எல்லாளனைப் பற்றிக் கூறுமிடத்து, நட்டார்க்கும் பகைவர்க்கும் ஒப்ப முறைசெய்தவன் என்று புகழ்கின்றது. முறையிடுவோர் அசைத்தற்கு ஒரு மணி அவன் படுக்கையின் தலைப்பக்கத்தே தொங்கியதாகவுங் கூறுகின்றது. அம்மணி அரசனுடைய நித்திரையைக் கெடுப்பது. அதனாலேயே அது நாட்டுக்குக் காவலாயிற்று. இத்தீவின் இரு சாதியாரும் ஒருங்கே போற்றுதற்குரிய நினைவு இதனினும் வேறொன்று அரிது. எக்கட்சியார் ஆளினும், எவ்வினத்தார் மறியலில் இருப்பினும், அம்மணியின் கயிறு அறுபடாது பார்த்துக் கொள்ளுதல் குடிகளாகிய நம் ஒவ்வொருவர் கடனாம். நம் பிள்ளைக்காக அதனை அசைக்கும் கை, நாம் அஞ்சும் அயலான் பிள்ளைக்காகவும் அதனை அசைக்கக் கடவது.